நீலத்தை ஒதுக்கி வைத்த நிலக்காட்சிக்காரர்

1956-ல் நியூயார்க்கில் பாயின்டெக்ஸ்டர் காலரியில் ரிச்சர்ட் டீபன்கார்ன் என்ற கலிஃபோர்னியா ஓவியரின் படங்களை மாட்டினார்கள். அந்த ஊரில் அவருக்கு அதுதான் முதல் தனிக் கண்காட்சி. காட்டியவை அரூப ஓவியங்கள், அதாவது எந்தப் பொருளையும் காட்டாமல் நிறத்தையும் வடிவத்தையும் மட்டுமே வைத்து வரைந்தவை. அந்த வகையில் அவர் பெயர் அமெரிக்கா முழுக்கப் பரவிக்கொண்டிருந்த நேரம் அது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் படங்கள் சுவரில் ஏறியபோது அவர் அந்தப் பாதையை விட்டே விலகியிருந்தார். மூவாயிரம் மைல் தள்ளி, சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில், பெர்க்லி மலைச்சரிவில் இருந்த தன் வீட்டில், ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மலையையும் மேஜைமேல் கிடந்த சாமான்களையும் பார்த்து வரைய ஆரம்பித்துவிட்டார்.

இன்றைக்குக் கேட்டால் இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். அன்று அப்படி இல்லை. 1950-களில் அமெரிக்க ஓவியம் என்றாலே அரூபம்தான். நாற்காலியை நாற்காலியாக வரைபவன் பின்வாங்கிவிட்டான், தைரியம் போய்விட்டது என்றுதான் அர்த்தம். அதுவும் டீபன்கார்ன் படித்த, பிறகு பாடம் நடத்திய சான் ஃபிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா ஸ்கூல் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், இந்த விஷயத்தில் ஒரு மடம் மாதிரி. அரூப ஓவியத்தின் பெரிய தலைகளில் ஒருவரான கிளிஃபர்ட் ஸ்டில் அங்கே ஆசிரியர். இன்னொரு பெரிய தலையான மார்க் ராத்கோ இரண்டு கோடைகளில் வந்து வகுப்பெடுத்துவிட்டுப் போனார். அந்தச் சூழலில் வளர்ந்த ஒருவர் திரும்பிப் போய் மலையை வரைகிறார் என்றால், சகாக்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

முதலில் விழித்தவர் அவர் இல்லை. அவருடைய சக ஆசிரியர் டேவிட் பார்க். 1949 வாக்கில் ஒருநாள் பார்க், தான் வரைந்திருந்த அரூப ஓவியங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் பெர்க்லி குப்பைக் கிடங்கில் கொட்டிவிட்டு வந்தார். அப்புறம் சைக்கிள் ஓட்டும் பையன்கள், பஸ்ஸுக்கு நிற்கும் ஆட்கள் என்று வரைய ஆரம்பித்தார். நண்பர்களுக்கு அதிர்ச்சி. டீபன்கார்னுக்கும்தான். சில வருடங்களில் இன்னொரு சகாவான எல்மர் பிஷாஃபும் அந்தப் பக்கம் போனார். டீபன்கார்ன் கடைசியாக, 1955 இறுதியில் வந்து சேர்ந்தார். இந்த மூவரையும் இன்னும் சிலரையும் சேர்த்து 1957-ல் பக்கத்து ஊரான ஓக்லண்டின் கலை அருங்காட்சியகத்தில் அதன் பொறுப்பாளர் பால் மில்ஸ் ஒரு கண்காட்சி வைத்தார். அதிலிருந்துதான் 'பே ஏரியா உருவ ஓவியர்கள்' என்ற முத்திரை. பே ஏரியா என்றால் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சுற்றியுள்ள பகுதி. ஒரு வட்டாரத்தின் பெயரால் அழைக்கப்படுவது ஓவியருக்குப் பாதி கௌரவம், பாதி இளக்காரம். நியூயார்க் ஓவியர்களை யாரும் வட்டார ஓவியர்கள் என்று சொல்வதில்லை, பாருங்கள்.

நான் இந்தப் பகுதியில்தான் குடியிருக்கிறேன். வளைகுடாவின் கிழக்குக் கரை. 2013-ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகத்தில் டீபன்கார்னின் பெர்க்லி வருடங்களுக்கென்றே, 1953 முதல் 1966 வரையிலான படங்களைத் தொகுத்து ஒரு பெரிய கண்காட்சி வைத்தார்கள். என்னோடு வந்த நண்பர் இரண்டு அறை தாண்டியதும் சொன்னார்: "என்னப்பா இது, பாதி முடிச்ச படம் மாதிரி இருக்கே. அடியில அடிச்ச கலர்லாம் வெளிய தெரியுது." அவர் சொன்னது சரிதான். மறைக்க வேண்டும் என்று டீபன்கார்ன் நினைத்ததே இல்லை. ஒரு கூரையின் ஓரத்தை இடப்பக்கம் நகர்த்தியிருப்பார், பழைய ஓரம் அப்படியே மங்கலாகத் தெரியும். ஒரு மஞ்சள் வயலுக்கு அடியில் முன்பு பச்சையாக இருந்தது கசியும். திருத்தியதைத் திருத்தியதாகவே காட்டுகிற படங்கள்.

அவர் ஏன் மாறினார் என்பதற்கு அவரே பின்னாளில் சொன்ன காரணம் எனக்குப் பிடித்த ஒன்று. அரூப ஓவியத்தில் தன்னால் எதை வேண்டுமானாலும் ரொம்பச் சுலபமாகச் செய்துவிட முடிந்தது, முட்டிக்கொள்ள எதிரே ஒன்றுமே இல்லை என்ற பொருளில் பேசினார். கண்ணால் பார்ப்பதை வரைய உட்கார்ந்ததும் அந்த முட்டுக்கட்டை கிடைத்தது. மலை இருக்கிற இடத்தில்தான் இருக்கும், உன் வசதிக்கு நகராது. கதையை இப்படி ஒரு வரியில் சொன்னால் அழகாக இருக்கிறது. ஆனால் கொஞ்சம் தோண்டினால், அவர் உண்மையில் எங்கிருந்து எங்கே வந்தார் என்பது இவ்வளவு நேர்க்கோடு இல்லை.

டீபன்கார்ன் 1922-ல் ஓரிகன் மாநிலம் போர்ட்லண்டில் பிறந்தவர். வளர்ந்தது சான் ஃபிரான்சிஸ்கோவின் இங்கிள்சைடு பக்கம். அவருடைய பாட்டி ஒரு வழக்கறிஞர், கவிதையும் எழுதுவார். படப் புத்தகங்களைக் கொடுத்துப் பேரனை ஊக்கப்படுத்தியவர் அவர்தான். சிறு வயதில் டீபன்கார்னுக்குப் பித்தாக இருந்தது பேயோ திரைச்சீலை. நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த கதையைச் சொல்லும் அந்த நீண்ட பூத்தையல் துணியில் மேலே ஒரு பட்டை, நடுவில் ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை. ஆழம் கிடையாது, எல்லாம் தட்டை. முப்பது வருடம் கழித்து அவர் வரைந்த வயல்களும் கடலும் வானமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பட்டைகளாக அடுக்கியிருப்பதைப் பார்க்கும்போது இது ஞாபகம் வராமல் போகாது.

ஸ்டான்ஃபோர்டில் படித்தபோது ஆசிரியர் டேனியல் மெண்டலோவிட்ஸ் அவரைப் பாலோ ஆல்டோவில் சாரா ஸ்டைன் என்ற அம்மாள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைனின் அண்ணி. பாரிஸில் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸை ஆரம்ப நாளிலேயே அடையாளம் கண்டு வாங்கிக் குவித்தவர். இன்றைக்கு நம் ஆட்கள் பாதிப் பேர் ஸ்டார்ட்அப், வீட்டு வாடகை என்று புலம்பிக்கொண்டிருக்கும் அதே பாலோ ஆல்டோவில், 1940-களில் ஒரு வீட்டுச் சுவரில் மத்தீஸ் ஓவியங்கள் தொங்கிக்கொண்டிருந்தன என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அதற்கடுத்து டீபன்கார்ன் அமெரிக்க மரைன் படையில் சேர்ந்து வர்ஜீனியாவில் இருந்தபோது, பக்கத்திலிருந்த வாஷிங்டனுக்குப் போய், கலை அருங்காட்சியகமான ஃபிலிப்ஸ் கலெக்‌ஷனில் மத்தீஸின் 1916-ஆம் ஆண்டுப் படம் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பாரிஸில் ஒரு ஓவியக்கூடம், அறைக்குள்ளே மாடல், ஜன்னலுக்கு வெளியே சேன் நதிக்கரை. உள்ளேயும் வெளியேயும் ஒரே தட்டில் உட்கார்ந்திருக்கும். 1943-ல் அவரே வரைந்த 'பாலோ ஆல்டோ சர்க்கிள்' என்ற படம் அப்படியே அமெரிக்க யதார்த்த ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் சாயல். தெருவும் கட்டடமும் வெயிலும். ஆக, அவர் தொடங்கியதே பார்த்து வரைவதில்தான். அரூபம் நடுவில் வந்தது.

அந்த நடுக் காலத்திலும் நிலம் அவரை விடவில்லை. சுபாவத்தில் நான் எப்போதும் நிலக்காட்சி ஓவியன்தான், ஆனால் அந்த உணர்வோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன் என்று பின்னால் ஒப்புக்கொண்டார். பல வருடங்கள் தன் வண்ணத் தட்டில் நீலத்தையே வைத்துக்கொள்ளவில்லையாம். நீலம் வந்தால் வானமும் தூரமும் தானாக வந்துவிடுமே! எவ்வளவு பிடிவாதம் பாருங்கள். ஒரு நிறத்தையே ஒதுக்கி வைக்கிற அளவுக்கு நிலக்காட்சிமேல் பயம்.

அந்தப் பயம் முதலில் தளர்ந்தது நியூ மெக்சிகோவில். 1950-ல் ஆல்புகர்க்கியில் இருக்கும் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்துக்கு முதுகலை படிக்கப் போனார். பாலைவனம், காவி மண், எலும்பு நிற வெளிச்சம் எல்லாம் படத்துக்குள் வந்தன, ஆனால் எதுவும் எதுவாகவும் இல்லாமல். 1951-ல் அரூப ஓவியர் ஆர்ஷில் கோர்க்கியின் படங்களைப் பார்க்க சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு விமானத்தில் வந்தார். தாழ்வாகப் பறந்த விமானம். கீழே பாலைவனமும் வயல்களும் ஒரு கேன்வாஸ்போலத் தட்டையாக விரிந்து கிடந்தன. வாய்க்கால்தான் கோடு, பாத்திதான் வண்ணத் திட்டு. மேலிருந்து பார்த்தால் நிலமே அரூபம் என்பது அன்றைக்குக் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு இல்லினாய் மாநிலம் அர்பானாவில் ஒரு வருடம் பாடம் நடத்திவிட்டு 1953-ல் பெர்க்லிக்குத் திரும்பினார். 'பெர்க்லி' என்று பெயரும் எண்ணும் போட்டு ஒரு வரிசை அரூப ஓவியங்கள். அவைதான் நியூயார்க்கில் தொங்கியவை. அவற்றைப் பார்த்தால் யாரும் புல்வெளி, கடல், பனிமூட்டம் என்றுதான் சொல்வார்கள். பெயர் மட்டும்தான் அரூபம்.

அதனால் 1955-ன் திருப்பத்தை மதமாற்றம் மாதிரிச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. மறைத்து வைத்திருந்ததை எடுத்து மேஜைமேல் வைத்தார், அவ்வளவுதான். முதலில் வந்தவற்றில் ஒன்று 'ஷபோ பள்ளத்தாக்கு'. ஓக்லண்டுக்குப் பின்னால் இருக்கும் மலைப் பகுதி. சின்னப் படம்தான். அதுவரை ஆள் உயரக் கேன்வாஸ்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று இரண்டு கை அகலத்துக்குள் வந்து நின்றதே ஒரு செய்தி.

இங்கே இந்த நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பாதியைத்தான் எழுதுகிறார்கள் என்பது என் எண்ணம்.

பே ஏரியாவில் மழை குளிர்காலத்தில் மட்டும். ஜனவரியில் மலைகள் கண் கூசும் பச்சை. மே மாதம் புல் காய்ந்துவிடும். அப்புறம் அடுத்த மழை வரைக்கும் மலை முழுக்க ஒரே வைக்கோல் நிறம். உள்ளூர்க்காரர்கள் அதைத் தங்க மலை என்கிறார்கள். வந்த புதிதில் எனக்குக் காய்ந்துபோன புறம்போக்காகத்தான் தெரிந்தது. மரமும் புதரும் பள்ளங்களில் மட்டும் கருப்புப் பொட்டுகளாக நிற்கும். மற்றபடி விவரமே இல்லாத ஒரு பெரிய மஞ்சள் உருவம், அதற்கு மேலே கத்தியால் வெட்டியதுபோல வானம். கடல் காற்றில் புழுதி தங்காது. பனிமூட்டம் விலகிவிட்டால் ஐந்து மைல் தள்ளியிருக்கும் மலையும் எதிர்வீட்டுச் சுவரும் ஒரே கூர்மையில் தெரியும். தூரம் போகப் போக நிறம் மங்கும், நீலம் ஏறும் என்று ஓவியப் பள்ளியில் சொல்லிக் கொடுப்பது இந்த ஊரில் பாதி நாள் செல்லாது.

தெருக்கள் இன்னும் மோசம். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு மேட்டின் உச்சியில் சிக்னலுக்காக வண்டியை நிறுத்துங்கள். எதிர் மேட்டில் ஏறும் தெரு தரையில் படுத்திருக்காது. உங்கள் முன் செங்குத்தாக, சுவரில் ஒட்டிய காகிதம் மாதிரி நிற்கும். அதன்மேல் வீடுகள் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளியூரிலிருந்து வந்து டீபன்கார்ன் படத்தைப் பார்ப்பவர்கள், ஆஹா, வெளியை எப்படித் தட்டையாக்கிவிட்டார், அரூபப் பயிற்சி என்கிறார்கள். பயிற்சி உண்டுதான். ஆனால் அவர் தட்டையாக்கியதில் கணிசமான பங்கு வெறுமனே பார்த்ததை அப்படியே போட்டது. கண்ணாடி போட்டுக்கொண்டு இங்கே நாலு தெரு ஏறி இறங்கினால் தெரிந்துவிடும்.

இப்போது 'சிட்டிஸ்கேப் 1' படத்துக்கு வருவோம். 1963-ல் வரைந்தது, சான் ஃபிரான்சிஸ்கோ நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐந்தடி உயரம், நாலடிக்குச் சற்று மேல் அகலம். உயரமான இடத்திலிருந்து பார்க்கும் பார்வை. ஒரு தெரு கீழ் விளிம்பில் தொடங்கி இறங்கி, மறுபடி ஏறி, படத்தின் மேல்புறம் வரை போகிறது. இடது பக்கம் வீடுகள், சாம்பலும் வெள்ளையுமாக நெருக்கிக்கொண்டு. வலது பக்கம் வீடே இல்லை. பச்சை, வைக்கோல் மஞ்சள், வெளுத்த மண் என்று காலி நிலம் திட்டுத் திட்டாக. வீடுகளின் நிழல் தெருவுக்குக் குறுக்கே விழுந்து பாளம் பாளமாக அதை வெட்டுகிறது. உச்சியில் வானத்துக்கு ஒரு மெல்லிய கீற்றுதான் ஒதுக்கியிருக்கிறார். கார் இல்லை, ஆள் இல்லை, மின்கம்பி இல்லை.

கொஞ்ச நேரம் நின்றால் கணக்கு புரிய ஆரம்பிக்கும். அந்த நிழல்கள் நிழல்களாகவும் இருக்கின்றன, தனித்தனி வண்ணப் பட்டைகளாகவும் இருக்கின்றன. ஒரு நொடி நான் மேட்டில் நின்று கீழே பார்க்கிறேன், அடுத்த நொடி ஐந்தடித் துணியில் அடுக்கிய நாற்கரங்களைப் பார்க்கிறேன். கண் இரண்டுக்கும் நடுவில் போய்வந்துகொண்டே இருக்கும். கிட்டே போனால் வலப்பக்கத்துப் பச்சை ஒரே பச்சை இல்லை. அகலத் தூரிகையால் இழுத்த ஒன்று, அதன் மேல் இன்னொன்று, நடுவில் அடி வண்ணம் எட்டிப் பார்க்கும் இடைவெளி. பத்து வருடம் அரூபத்தில் கை பழகாத ஒருவரால் அந்தக் காலி நிலத்தை அவ்வளவு நிறைவாகப் பூசியிருக்க முடியாது. மலையைப் பார்த்து மட்டும் வரைந்த ஒருவர் அங்கே புல் வரைந்திருப்பார், வேலி வரைந்திருப்பார், ஒரு மாட்டையாவது நிறுத்தியிருப்பார். அப்புறம், ஒதுக்கி வைத்திருந்தாரே அந்த நீலம், அது இந்த வருடங்களின் படங்களில் தாராளமாக வந்துவிட்டது. வானத்தில் மட்டுமில்லை, தெருவில் விழும் நிழலிலும்.

அதே வருடம் வரைந்த 'இங்கிள்சைடு' அவர் வளர்ந்த பகுதியின் பெயரைத் தாங்கியது. மிச்சிகன் மாநிலம் கிராண்ட் ராப்பிட்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெயிலில் வெளுத்த வீடுகள், வளைந்து ஏறும் சாலை. பிறந்து வளர்ந்த தெருவை இவ்வளவு பாசமில்லாமல் வரைய முடியுமா என்று தோன்றும். பாசமில்லாமல் என்றால் குறையாகச் சொல்லவில்லை. ஊர்ப்பாசத்தில் ஓவியர்கள் விடுகிற கண்ணீர் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

1955-லிருந்து 1966 வரையிலான இந்தப் பதினோரு வருடங்களில் அவர் ஆட்களையும் நிறைய வரைந்தார். பார்க், பிஷாஃபோடு சேர்ந்து மாடல் வைத்து வரையும் பழக்கம் இருந்தது. தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கும் பெண், காபி குடிக்கும் பெண் என்று பிரபலமான படங்கள் உண்டு. புத்தக அட்டைகளில் அவைதான் வரும். எனக்கு அவற்றில் அவ்வளவாக ஒட்டவில்லை. முகத்தைத் தவிர்த்துவிடுகிறார், அந்தப் பெண்கள் பெரும்பாலும் நிலத்தோடு நிலமாக இன்னொரு செங்குத்துக் கோடாக நிற்கிறார்கள். ஆளுக்கு முட்டுக்கட்டை போடும் சக்தி மலையைவிடக் குறைவாக இருக்கிறது என்றுகூடச் சொல்வேன். அட, இது என் ரசனை. மறுப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

1964-ல் ஒரு கலாசாரப் பரிமாற்றத் திட்டத்தில் சோவியத் யூனியனுக்குப் போனார். லெனின்கிராடிலும் மாஸ்கோவிலும் புரட்சிக்கு முன் ரஷ்ய வியாபாரி ஷூகின் வாங்கிச் சேர்த்த மத்தீஸ் படங்களை நேரில் பார்த்தார். வந்ததும் அவர் வரைந்த 'லெனின்கிராட் பயணத்தின் நினைவுகள்' என்ற 1965-ஆம் வருடப் படத்தில் பாதிக்கு மேல் வெறும் தட்டையான நிறமும் சுருள் அலங்காரமும்தான். பார்ப்பது மெல்லப் பின்னுக்குப் போகிறது. 1966-ல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக வேலைக்காக லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் சாண்டா மோனிகாவுக்குக் குடிபோனார். 1967-லிருந்து மறுபடி அரூபம். அவருடைய ஓவியக்கூடத்தைச் சுற்றியிருந்த பேட்டையின் பெயரிலேயே 'ஓஷன் பார்க்' வரிசை. இருபது வருடத்தில் எண்ணிட்ட கேன்வாஸ்கள் நூற்றைத் தாண்டிப் போயின. அவரை உலகப் புகழுக்குக் கொண்டுபோனது அதுதான்.

இதனால் என்ன ஆயிற்றென்றால், பெர்க்லிக் காலத்து நிலக்காட்சிகளை ஒரு இடைவேளையாகப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. முன்பக்கம் அரூபம், பின்பக்கம் மகத்தான அரூபம், நடுவில் கொஞ்சம் மலை, கொஞ்சம் தெரு. சான் ஃபிரான்சிஸ்கோவில் 'ஓஷன் பார்க் 54' இருக்கிறது, 1972-ல் வரைந்தது. அதன் முன் நின்றால் மறுக்க முடியாது, அபாரம்தான். கடல் வெளிச்சம், ஜன்னல் சட்டம், சாய்வாக ஓடும் ஒரு கோடு, கழுவிக் கழுவி மெலிந்த நீலம். 1963-ன் தெரு இங்கே எலும்பாக மிஞ்சியிருக்கிறது என்று சொல்லலாம். அந்தக் காலத்திலும் அவர் நிலத்தை மறந்துவிடவில்லை. 1970-ல் அமெரிக்க அரசின் நீர்வள அமைப்பு ஓவியர்களைத் தன் திட்டங்களைப் பார்க்க அனுப்பியபோது அரிசோனாவில் சால்ட் நதிப் பகுதியை ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தார். 1951-ன் விமான ஜன்னல் காட்சி மறுபடி ஒரு முறை, இந்தத் தடவை அரசாங்கச் செலவில்.

ஆனாலும் எனக்கு 1957-க்கும் 1963-க்கும் நடுவில் வந்த அந்த மலைகளும் தெருக்களும்தான் ஒரு படி மேல். ஓஷன் பார்க்கில் ஒரு கோடு சரியா இல்லையா என்று முடிவு செய்ய அவர் ஒருவர்தான் இருக்கிறார். அவர் கண் அபாரமான கண், அதனால் தீர்ப்பும் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. சிட்டிஸ்கேப்பில் அப்படியில்லை. தெரு ஒன்று சொல்கிறது, கேன்வாஸ் ஒன்று சொல்கிறது, நிழல் மதியத்துக்குள் நகர்ந்துவிடுகிறது. அவர் மூன்று பேரோடும் வாதாடிக்கொண்டே பூசியிருக்கிறார். அந்த வாக்குவாதம் அடி வண்ணமாக இன்னும் கேன்வாஸில் கிடக்கிறது. என் நண்பர் பாதி முடித்த படம் என்றது அதைத்தான். அவர் இன்றும் ஓஷன் பார்க் கட்சி. 2017-ல் மத்தீஸையும் டீபன்கார்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு கண்காட்சி நடந்தபோதும் நாங்கள் இதே சண்டையைத்தான் போட்டோம். யாரும் கட்சி மாறவில்லை.

டீபன்கார்ன் 1988-ல் வடக்கே திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஹீல்ட்ஸ்பர்க்குக்குப் போனார். உடம்பு சரியில்லாமல் போக, சின்னச் சின்னத் தாள்களில் வேலை செய்தார். 1993 மார்ச்சில் பெர்க்லியில் காலமானார்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். பெரிய படங்களுக்கு நேராக ஓடாதீர்கள். டி யங் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் 1957-ல் வரைந்த 'கடல் சுவர்' என்ற சின்னப் படம் ஒன்று உண்டு. சுமார் இரண்டடி அகலம். வெயில், நிழல், பச்சைத் திட்டு, கடல், அவ்வளவுதான். எல்லாச் சமயமும் மாட்டியிருக்க மாட்டார்கள். மாட்டியிருந்தால் முதலில் ஐந்தடி தள்ளி நின்று கடற்கரையைப் பாருங்கள், அப்புறம் ஓரடிக்குள் போய் அது எங்கே வெறும் வண்ணமாக உடைகிறது என்று தேடுங்கள். சிட்டிஸ்கேப்பை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.